இங்கிலீஷ்காரியின் பட்டங்களும் எங்கள் வீடும்

1

போன வாரம் காலை வேலைக்குப் போனபோது ஓய்வறையில் வானொலி ஓடிக்கொண்டிருந்தது. டென்மார்க்கில், கோல்டிங் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நான் பராமரிப்பு வேலை செய்கிறேன். வேலை தொடங்குமுன் எல்லோரும் ஒன்றாக இருந்து கோப்பி குடிப்பது அங்கே எழுதப்படாத சட்டம். என்னோடு பல வருடங்களாக வேலை செய்யும் ஹெலெ கோப்பியை ஊற்றிக்கொண்டே, “உன்னுடைய ஆளுக்குப் பட்டம் கிடைத்திருக்கிறது, கேட்டாயா?” என்றாள்.

நான் கேட்கவில்லை. அவள்தான் விவரம் சொன்னாள். இங்கிலாந்து அரண்மனை வெளியிடும் கௌரவப் பட்டியலில் அந்தப் பாடகியின் பெயர் வந்திருக்கிறது. இனி அவள் பெயருக்கு முன்னால் ‘டேம்’ என்று போடவேண்டும். ஆண்களுக்கு ‘சேர்’ போல, பெண்களுக்கு இது.

“பாட்டுப் பாடுகிறவளுக்கு அரண்மனை எதற்கு?” என்றாள் ஹெலெ. டெனிஷ்காரருக்குப் பட்டம் என்றாலே ஒரு கூச்சம். ஒரே இடத்தில் இருபத்தைந்து வருடம் வேலை செய்தால் மேசையில் ஒரு சின்னக் கொடி வைப்பார்கள். காலைச் சாப்பாட்டுக்குப் பணிஸ் வாங்கி வருவார்கள். முதலாளி நாலு வசனம் கதைப்பார். என் கணவருக்கும் அவருடைய ஜன்னல் தொழிற்சாலையில் அப்படித்தான் நடந்தது. அந்தக் கொடியை வீட்டுக்குக் கொண்டுவந்து, கதவுத் திறப்புகள் போடும் கிண்ணத்தில் குத்திவைத்தார்.

நான் அந்தப் பாடகியின் ரசிகை அல்ல. அவளுடைய பாட்டு ஒன்றைக்கூட எனக்கு முழுதாகப் பாடத் தெரியாது. ஆனால் எங்கள் வீட்டில் நடந்த பெரிய சண்டையின் நடுவில் அவள் நின்றாள். அதை நான் வேலையிடத்தில் புலம்பியிருக்கிறேன். அதனால்தான் ஹெலெக்கு அவள் ‘உன்னுடைய ஆள்’. அவளுடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்வதுமில்லை. என் கணவர் அவளுக்கு வைத்த பெயர் இங்கிலீஷ்காரி. அதுவே நிலைத்துவிட்டது.

2

இங்கிலீஷ்காரியை வீட்டுக்குள் கொண்டுவந்தவள் எங்கள் ஒரே மகள் ஆரணி.

ஆரணி சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் கர்நாடக இசை படித்தவள். தரம் தரமாகப் பரீட்சை எழுதி, வாங்கிய கேடயங்கள் எல்லாம் வரவேற்பறை அலுமாரியில் நிரையாக நின்றன. பன்னிரண்டு வயதில், பழைய சாமான் விற்கும் கடையில் ஒரு கிற்றார் வாங்கித் தரச்சொல்லிக் கேட்டாள். இவர் வாங்கிக் கொடுத்தார். அதன் பிறகு கேடயங்களின் எண்ணிக்கை கூடவில்லை.

அவள் அறையிலிருந்து இங்கிலீஷ்காரியின் பாட்டுகள் கேட்கத் தொடங்கின. ஒரே வரியைத் திரும்பத் திரும்ப, ஒரு சுரம் பிசகினாலும் முதலிலிருந்து. சாப்பாட்டு மேசையில் அவளுடைய கதை வரும். எனக்கு அது மனப்பாடம். வட இங்கிலாந்தில் கடலோரமாக ஒரு சின்ன ஊர். தாய் மீன் பதனிடும் இடத்தில் வேலை. பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மதுச்சாலைகளில் பாடப் போனாள். இசைத்தட்டு நிறுவனங்கள் திருப்பி அனுப்பின. சிநேகிதன் ஒருவனின் கார்க் கொட்டகையில் முதல் பாட்டுகளைப் பதிவுசெய்தாள். அவை வெளிவந்த அடுத்த வருடம் ஒரே மேடையில் ஒன்றின்பின் ஒன்றாக விருதுகள். உலகமெல்லாம் பாடித் திரிந்துகொண்டிருந்தபோது ஒரு காது கேட்காமல் போயிற்று. எல்லாக் கச்சேரிகளையும் நிறுத்திவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். அவள் கதை முடிந்தது என்று பத்திரிகைகள் எழுதின. பிறகு பியானோ மட்டும் வைத்து ஒரு தொகுப்போடு வந்தாள். மறுபடியும் விருதுகள், அரண்மனைப் பதக்கம், சொந்த ஊருக்குப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் கௌரவக் கலாநிதிப் பட்டம்.

“பாட்டை ஆர் எழுதிக் குடுக்கிறது?” என்று தொடக்கத்தில் ஒரு நாள் கேட்டேன்.

“அவவே.”

“மெட்டு?”

“அதுவும் அவவே, அம்மா.”

எனக்கு அது புதிதாக இருந்தது. எங்களுக்கு ஒருவர் எழுதுவார், ஒருவர் இசையமைப்பார், இன்னொருவர் பாடுவார், நாலாவது ஆள் வாயசைப்பார். எல்லாவற்றையும் ஒரே ஆள் செய்வது, சமைத்துப் பரிமாறி, சாப்பிட்டு, கோப்பையும் கழுவுவது போல எனக்குப் பட்டது.

கலாநிதிப் பட்டச் செய்தி வந்தபோது என் கணவருக்குச் சந்தோஷம். “பார் பிள்ளை, கடைசியில அவவும் யூனிவேர்சிற்றிக்குத்தானே போனவ” என்றார்.

ஆரணி டெனிஷில் பதில் சொன்னாள். எங்கள் வீட்டில் இவர் தமிழில் மட்டும்தான் கதைப்பார். அது அவர் வைத்த ஒழுங்கு. அவருக்கு முன்னால் பிள்ளை அதை மீறுவது கோபம் வரும்போது மட்டும். “படிக்காமலேயே கொடுத்திருக்கிறார்கள், அப்பா. விஷயமே அதுதான்” என்றாள்.

ஒருத்தியின் வாழ்க்கையை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் இரண்டு வழக்குப் பேசினார்கள். பட்டங்களைத் தகப்பன் எடுத்துக்கொண்டார். பதினாறு வயதை மகள் எடுத்துக்கொண்டாள்.

3

யாழ்ப்பாணத்தில் எங்கள் அண்ணை ஓர் இசைக்குழுவில், ஓகன் என்று நாங்கள் சொல்லும் கீபோட் வாசித்தவர். திருவிழாக்களில் அவர்களுடைய மேடைக்கு முன்னால் சனம் மண்ணில் பாய் விரித்து இருக்கும். பாட்டு முடியும்வரை எழும்பாது. ஆனால் அண்ணைக்குப் பெண் பார்க்கப் போன இடங்களில், “தம்பி என்ன செய்யிறார்?” என்ற கேள்விக்கு அம்மா ஒருபோதும் ஓகன் என்று சொன்னதில்லை. கூட்டுறவுச் சங்கக்கடையில் கணக்கு எழுதுகிறார் என்றுதான் சொன்னார். அதுவும் உண்மைதான்.

அந்தக் குழுவின் பிரதான பாடகருக்கு ஒரு கோயிலில் பொன்னாடை போர்த்தி, ‘கானக்குயில்’ என்று பட்டம் கொடுத்தார்கள். அடுத்த நாள் காலை மண்ணெண்ணெய்க்கு நிற்கும் வரிசையில் அவரைக் கண்டேன். “கானக்குயில், கொஞ்சம் முன்னுக்கு நகருங்கோ” என்று யாரோ சொன்னார்கள். அவரும் சிரித்துக்கொண்டு நகர்ந்தார்.

மின்சாரம் இல்லாத வருடங்கள் அவை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவில் வானொலியைப் பூட்டி, மிதியைக் கையால் சுற்றித்தான் பாட்டுக் கேட்டோம். சுற்றுவது நின்றால் பாட்டும் நின்றுவிடும். இதைச் சொன்னால் ஆரணி நம்பமாட்டாள். “ஒரு பாட்டுக்காக அவ்வளவு வேலையா?” என்று ஒருமுறை கேட்டாள். பிறகு தன் அறைக்குப் போய் அதே வரியை மறுபடியும் தொடங்கினாள்.

அண்ணை இப்போது கனடாவில் பாரவண்டி ஓட்டுகிறார். ஓகன் வாசிப்பதில்லை. அதைப் பற்றி அவர் கதைப்பதுமில்லை.

4

இங்கே உயர்தரப் பள்ளிக்கு ஜிம்னாசியம் என்று பெயர். ஆரணி அதில் சேர்ந்த வருடம், ஜிம்னாசியம் போகிறாள் என்று ஊரிலிருந்த என் தங்கையிடம் தொலைபேசியில் சொன்னேன். “ஏன் அக்கா, பிள்ளை உடம்பு வைச்சிட்டாளோ?” என்று கேட்டாள். அவளுக்கு விளங்கப்படுத்தி முடிப்பதற்குள் தொலைபேசி அட்டையில் காசு தீர்ந்துவிட்டது.

இரண்டாம் வருடம், பதினெட்டாவது பிறந்தநாள் முடிந்து கொஞ்ச நாளில், ஒரு பின்னேரம் நான் மீன்குழம்பு வைத்துக்கொண்டிருந்தேன். ஆரணி வந்து குசினி வாசலில் நின்று, டெனிஷில், “நான் நிறுத்திவிட்டேன்” என்றாள். அந்த மொழியில் எதை என்று சொல்லாமலே அப்படிச் சொல்லலாம்.

“என்னத்தை நிப்பாட்டினனி? வோஷிங் மெஷினையோ?” என்றேன். உடுப்புப் போட்டிருந்தது ஞாபகம் வந்தது.

“இல்லை அம்மா. ஜிம்னாசியத்தை.”

குழம்பை இறக்கிவைத்தேன். “எப்ப நிப்பாட்டப்போறாய்?” என்று கேட்டேன்.

“இனிமேல் இல்லை. நிப்பாட்டிட்டன். திங்கட்கிழமை.”

அன்று வியாழக்கிழமை. அதற்கிடையில் அவள் தினமும் பையோடு வெளியே போய்வந்திருக்கிறாள். எங்கே போனாள் என்று கேட்டேன். நூலகத்தில் இருந்து பாட்டு எழுதினாளாம்.

இவர் வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றி, கை கழுவி, மேசையில் இருக்கும்வரை நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளே சொன்னாள். தமிழில்தான் சொன்னாள், கவனமாகச் சொல் தேடி. இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். கடைசியில், “நான் இந்த நாட்டுக்கு வந்து முதல் செய்த வேலை என்ன தெரியுமோ?” என்றார்.

“தெரியும். பண்டிப் பண்ணையைக் கழுவினது.”

“ஏன் கழுவினனான்?”

ஆரணி எழும்பிப் போய்விட்டாள். அந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் ஒரே ஒரு பதில்தான் உண்டு: பன்றிப் பண்ணையைக் கழுவியது பிள்ளை படிக்கத்தான். அதை அவள் குழந்தைப் பருவத்திலிருந்து கேட்டிருக்கிறாள்.

5

அடுத்த வாரம் நாங்கள் இருவரும் ஜிம்னாசியத்துக்குப் போனோம். மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் அலுவலர் ஓர் இளம் மனிதர். கோப்பி தந்தார். பிஸ்கட் தந்தார். பிறகு, “ஆரணிக்குப் பதினெட்டு வயதாகிவிட்டது. அவருடைய அனுமதி இல்லாமல் அவரைப் பற்றி உங்களோடு நான் கதைக்க முடியாது” என்றார்.

“நாங்கள் அவளுடைய பெற்றோர்” என்றார் இவர், டெனிஷில்.

“எனக்குத் தெரியும். உங்கள் கவலையும் விளங்குகிறது. ஆனால் எனக்கு இரகசியம் காக்கும் கடமை இருக்கிறது.”

அந்தக் கடமையை நான் அறிவேன். முதியோர் இல்லத்தில் சேர்ந்தபோது நானும் அதற்குக் கையெழுத்து வைத்தவள். ஒரு மூதாட்டியின் மகன் தொலைபேசியில் அழுதுகொண்டு கேட்டபோதும், தாய் விரும்பாத எதையும் நான் அவனுக்குச் சொன்னதில்லை. மேசையின் மற்றப் பக்கத்தில் இருந்து அதைக் கேட்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

“பொதுவாக வேண்டுமானால் சொல்லலாம்” என்றார் அலுவலர். “பொதுவாக, படிப்பை நிறுத்துகிற ஒரு மாணவர் பிறகு திரும்பத் தொடங்கலாம். வளர்ந்தோருக்கான பள்ளியில் ஒவ்வொரு பாடமாகவும் எடுக்கலாம். பொதுவாக, கதவு பூட்டப்படுவதில்லை.”

இவர் என் பக்கம் திரும்பித் தமிழில், “பொதுவாக் கதைக்கவோ நாங்கள் லீவு எடுத்துக்கொண்டு வந்தனாங்கள்?” என்றார்.

அந்த மனிதருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் முகம் சிவந்துபோயிற்று. வெளியே வரும்போது வாசல்வரை வந்து கை கொடுத்தார். “அவர் பாடி நான் கேட்டிருக்கிறேன். இது பள்ளி விழாவில், எல்லோருக்கும் முன்னால் நடந்தது. அதனால் சொல்லலாம்” என்றார்.

எப்படிப் பாடினாள் என்று இவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. காரில் ஏறிய பிறகு, கேட்டிருக்கலாம் என்று நினைத்தேன்.

6

கோடையில் ஆரணி பல்கலைக்கழக நகரமான ஓகூஸுக்குப் போய்விட்டாள். இரண்டு டெனிஷ் பெண்களோடு ஒரு வீட்டில் அறை. பேக்கரி ஒன்றில் காலை வேலை. பின்னேரங்களில், யார் வேண்டுமானாலும் மேடையேறிப் பாடக்கூடிய சின்னச் சின்ன இடங்களுக்குப் போவாள். ஆரணி என்ற பெயர் டெனிஷ்காரர் வாயில் ஆர்ன என்று ஆகிவிடும். அது இங்கே தாத்தாமாரின் பெயர். எங்கள் முதியோர் இல்லத்திலேயே ஆர்னமார் இருக்கிறார்கள். அதனால் மேடைக்கு ஆர்னி என்று வைத்துக்கொண்டாள். இவருக்கு அது பிடிக்கவில்லை. “கோயில்ல வைச்ச பேர்” என்றார்.

எனக்கு அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பாள். இவர் பக்கத்தில் இருந்து தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். “அப்பாட்டக் குடுக்கவோ?” என்று கேட்பேன். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில், “வேண்டாம்” என்று வரும்.

கோயிலில் சனம் கேட்கும். மகள் எங்கே, என்ன படிக்கிறா. முதல் தடவை இவர், “ஓகூஸில” என்று மட்டும் சொன்னார். கேட்டவரே, “யூனிவேர்சிற்றியோ? நல்லது” என்று முடித்துக்கொண்டார். இவர் மறுக்கவில்லை. அடுத்த தடவை இவரே, “ஓகூஸில யூனிவேர்சிற்றி” என்றார். நான் தேங்காயையும் பூவையும் தட்டில் அடுக்கிக்கொண்டு நின்றேன். எனக்கு அம்மாவும் சங்கக்கடையும் ஞாபகத்துக்கு வந்தன.

அந்த மாரிக் குளிரில் டெனிஷ் வானொலியில் ஆரணியின் ஒரு பாட்டுப் போனது. உள்ளூர் நிகழ்ச்சிதான். ஆனால் ஹெலெ கேட்டாள். ஹெலெ கேட்டதால் இல்லத்தில் எல்லோரும் கேட்டார்கள். தமிழ்ச் சங்கத்துச் செயலாளருடைய மகனும் கேட்டிருக்கிறான். செயலாளர் அண்ணை ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தார்.

“தம்பி, ஆண்டுவிழாவில பிள்ளைக்கு ஒரு கௌரவம் செய்வம்” என்றார். “இளம் இசைத்தாரகை எண்டு பட்டம். பொன்னாடை நான் சொல்லிப்போட்டன்.”

இவருக்கு முகம் மலர்ந்ததை நான் கண்டேன். பல மாதங்களுக்குப் பிறகு கண்டேன். அன்று பின்னேரம் இவரே ஆரணிக்குத் தொலைபேசி எடுத்தார். “சாறி உடுத்துக்கொண்டு வா. ஒரு தமிழ்ப் பாட்டு, ஒரே ஒண்டு பாடினால் காணும்” என்றார்.

அந்தப் பக்கத்திலிருந்து, “சாறி ஓம். பாட்டை நான் பாக்கிறன்” என்று கேட்டது.

7

ஆண்டுவிழா வசந்தகாலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டு மண்டபத்தில் நடந்தது. கூடைப்பந்து வளையத்தில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். நடனங்கள், பேச்சுகள், பட்டங்கள். ஒருவருக்குச் சமூகச்சுடர், ஒருவருக்குச் சேவைச்செம்மல். ஆரணி என்னுடைய பச்சைச் சேலையில், கிற்றாரை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள்.

அறிவிப்பாளர் அவளை அழைத்தார். “ஓகூஸ் பல்கலைக்கழக மாணவி, படிப்போடு இசையையும் இரு கண்களாகப் போற்றும் எங்கள் செல்வி ஆரணி” என்றார். இவர் தரையைப் பார்த்தார். ஆரணி திரும்பி என்னைப் பார்த்தாள். இது தகப்பன் சொன்ன கதை என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

மேடையில் செயலாளர் அண்ணை பொன்னாடையை விரித்துக்கொண்டு நின்றார். ஆரணி அதற்குத் தலை குனியவில்லை. ஒலிவாங்கிக்குப் போனாள்.

“வணக்கம். ஒரு பிழை வந்திட்டுது” என்றாள். அவளுடைய தமிழ், வீட்டில் எங்களோடு கதைக்கிற தமிழ்தான். மேடைத் தமிழ் அவளுக்குத் தெரியாது. “நான் யூனிவேர்சிற்றியில படிக்கேல்லை. ஜிம்னாசியமும் முடிக்கேல்லை. பேக்கரியில வேலை செய்யிறன். பாட்டு எழுதிப் பாடுறன். அதுக்குத்தான் இதைத் தாறீங்கள் எண்டால் நான் வாங்குறன்.”

என் பக்கத்தில் இவர் அசையவில்லை. ஏதாவது செய்யவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அவருடைய முழங்கையில் கையை வைத்தேன்.

செயலாளர் அண்ணை ஒரு கணம் சபையைப் பார்த்தார். பிறகு, “பாட்டுக்குத்தான் பிள்ளை” என்று சொல்லிவிட்டுப் பொன்னாடையைப் போர்த்தினார். அந்த மனிதரை நான் பல விஷயங்களில் குறை சொல்லியிருக்கிறேன். அன்றைக்குப் பிறகு சொல்வதில்லை.

ஆரணி பாடினாள். அவள் எழுதிய டெனிஷ் பாட்டு. பெரியவர்கள் மரியாதைக்கு இருந்தார்கள். பின்வரிசையில் கைபேசிகளோடு குனிந்திருந்த இளம்பிள்ளைகள்தான் முதலில் தலை நிமிர்ந்தார்கள். அந்த விழாவில் அவர்கள் நினைக்கிற மொழியில் யாரும் அதுவரை ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. முடிந்ததும் அவர்கள் தட்டிய கைதட்டலில் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

சாப்பாட்டு வரிசையில் ஒருவர் இவரிடம் மெதுவாக, “பேக்கரியிலயோ, அண்ணை?” என்று கேட்டார்.

“ஓம். பேக்கரியிலதான்” என்றார் இவர். இடியப்பத்தைத் தட்டில் போட்டுக்கொண்டு நகர்ந்தார்.

8

அன்றைக்குத் தண்டவாள வேலை காரணமாக ஓகூஸ் ரயில் ஓடவில்லை. பதிலாக விட்ட பஸ்ஸும் போய்விட்டது. “நான் கொண்டுபோய் விடுறன்” என்றார் இவர். நானும் ஏறிக்கொண்டேன். ஆரணி பின்னால், பக்கத்தில் கிற்றாரும் மடித்த பொன்னாடையும்.

வழியில் வெய்லே என்ற ஊரின் பெரிய பாலத்தில் ஏறினோம். கீழே தண்ணீர் சாம்பல் நிறமாகக் கிடந்தது. பாலத்தின் நடுவில் இவர், “உன்ர இங்கிலீஷ்காரி பள்ளிக்கூடத்தை விட்டவதானே” என்றார்.

ஆரணி சண்டைக்கு ஆயத்தமானது எனக்கு முதுகுப்பக்கத்தால் தெரிந்தது. “ஓம்” என்றாள்.

“அப்ப தகப்பன் என்ன சொன்னவர்?”

இங்கிலீஷ்காரியைப் பற்றி எதைக் கேட்டாலும் உடனே சொல்கிறவள் அவள். எந்த விருது எந்த வருடம், எந்தப் பாட்டு யாரைப் பற்றியது, எந்தக் காது. அன்றைக்கு யோசித்தாள். நான் திரும்பிப் பார்த்தேன்.

“தெரியாது” என்றாள் கடைசியில். “அம்மாவைப் பற்றி எல்லா இன்ரவியூவிலயும் சொல்லுவா. அப்பாவைப் பற்றி ஒண்டும் சொல்லுறேல்லை.”

“செத்துப்போனாரோ?”

“இல்லை. இருக்கிறார் எண்டுதான் நினைக்கிறன். மெடல் வாங்கேக்க அம்மாதான் கூடப் போனவ.”

“பாட்டிலயும் இல்லையோ?”

“இல்லை. ஒரு பாட்டிலயும் இல்லை.”

இவர் தலையாட்டினார். பாலம் முடிந்து காடு வந்தது. ஒரு பாரவண்டியை முந்தினார், திரும்பத் தன் நிரைக்கு வந்தார். ஹோர்சன்ஸ் நகரத்துக்குத் திரும்புமிடம் தாண்டியது. எனக்கு அந்த முகம் தெரியாத மனிதரை நினைக்கக் கஷ்டமாக இருந்தது. மகளின் பெயரை உலகமெல்லாம் சொல்ல, எங்கேயோ ஒரு வீட்டில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவர். அவர் என்ன சொன்னாரோ, என்ன செய்தாரோ. ஒன்றுமே சொல்லாமல் இருந்துவிட்டாரோ.

“அடுத்தது எப்ப பாடுறாய்?” என்று இவர் கேட்டார்.

“வெள்ளிக்கிழமை. ஓகூஸில ஒரு சின்னக் கஃபே.” கொஞ்சம் நிறுத்தி, “எல்லாம் டெனிஷ் பாட்டு, அப்பா. உங்களுக்கு அலுப்பா இருக்கும்” என்றாள்.

“எனக்கு டெனிஷ் விளங்கும்” என்றார்.

அதை அவர் டெனிஷில் சொன்னார். மகளோடு அவர் அந்த மொழியில் கதைத்தது அதுதான் முதல் தடவை. உச்சரிப்பு, தொழிற்சாலையில் இந்தப் பக்கத்து ஜூட்லாந்துக்காரரிடம் பழகிய உச்சரிப்பு. சொற்களின் வாலை விழுங்கிவிடும். ஆரணி தன் வீட்டு வாசலில் இறங்கும்போது கஃபேயின் விலாசத்தை என் கைபேசிக்கு அனுப்பினாள். பிறகு யோசித்து, அவருடையதுக்கும் அனுப்பினாள்.

9

இதெல்லாம் நடந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. ஆரணி இன்னும் பேக்கரியில்தான். வளர்ந்தோருக்கான பள்ளியில் இரண்டு பாடம் எடுக்கிறாள். அதை அவளே எங்களுக்குச் சொன்னாள். வேறு யாரும் சொல்ல முடியாது. அதை முடிப்பாளா என்று எனக்குத் தெரியாது. அவளுடைய பாட்டுகள் இணையத்தில் இருக்கின்றன. எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று பார்க்க எனக்குத் தெரியும், ஆனால் பார்ப்பதில்லை. அவளுக்கும் தகப்பனுக்கும் சண்டை நின்றுவிட்டதென்றும் சொல்லமாட்டேன். போன மாதமும் ஒன்று நடந்தது.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை நாங்கள் போனோம். இவர் வேலையால் நேரத்துக்கு வந்து, குளித்து, கலியாண வீட்டுக்குப் போடும் சட்டையைப் போட்டார். கஃபே ஓகூஸில் வாய்க்காலோரமாக இருந்தது. வெளியே இன்னும் நல்ல வெளிச்சம். உள்ளே சின்ன மேசைகள், பெரும்பாலும் அவளுடைய வயதுப் பிள்ளைகள். நாங்கள் சுவரோரமாக இருந்தோம். இவர் அப்பிள் சாறு வாங்கினார். ஆரணி எங்களைக் கண்டுவிட்டு, கண்ட மாதிரிக் காட்டிக்கொள்ளாமல் கிற்றாரைச் சுருதி கூட்டினாள்.

நாலைந்து பாட்டுப் பாடினாள். இவர் கையைக் கட்டிக்கொண்டு, கொஞ்சம் முன்னுக்குச் சாய்ந்து, தொழிற்சாலையில் புது இயந்திரம் ஒன்றை விளங்கப்படுத்தும்போது கேட்பது போலக் கேட்டார். இடையில் ஒரு பாட்டு வந்தது. அதில் ஒரு மனிதன், வீடு முழுக்க நித்திரையாக இருக்கும்போது எழும்பி, விளக்குப் போடாமல் தேநீர் வைத்து, சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டு போகிறான். மகள் அறைக்குள் விழித்துக்கொண்டுதான் இருக்கிறாள். போகும்போது கூப்பிடுவான் என்று பார்க்கிறாள். அவனும் கூப்பிடுவதில்லை, அவளும் எழும்புவதில்லை. நான் இவருடைய பக்கம் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

முடிந்ததும் ஆரணி எங்கள் மேசைக்கு வந்து, நாற்காலியின் நுனியில் இருந்தாள். நெற்றியில் வேர்த்திருந்தது.

“விளங்கினதோ?” என்று கேட்டாள்.

“விளங்கினது” என்றார் இவர். “தேத்தண்ணிப் பாட்டில ஒரு சொல் மட்டும் விளங்கேல்லை. ரெண்டு மூண்டு தரம் வருது. ஸ்டேதி.”

ஆரணி தமிழில் அதைத் தேடினாள். கிடைக்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“பிடிவாதம் எண்டு அர்த்தம்” என்றேன். “பிடிவாதக்காரர்.”

இவர் அதை மனதுக்குள் வைத்து, பாட்டை முதலிலிருந்து ஓட்டிப் பார்ப்பது தெரிந்தது. “அந்தப் பாட்டில ஆர் பிடிவாதம்?” என்று கேட்டார். “தகப்பனோ, மகளோ?”

“ரெண்டு பேரும்” என்றாள்.

இவர் மிச்சமிருந்த சாற்றைக் குடித்துவிட்டு, கிளாசை மேசையில் வைத்தார்.

“அப்ப சரியாத்தான் எழுதியிருக்கிறாய்” என்றார்.